சுங்கமில்லாத தீவு

மாணவர்களே! நிலப்படத்தில் மலேயாத் தீபகற்பத்தின் தென்கோடியில் ஒரு புள்ளியாகத் தோன்றுவது சிங்கப்பூர். 1965-ஆம் ஆண்டில் தனி நாடானபோது அதன் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். கடலைத் தூர்த்து நிலம் சேர்த்த பின்னும் இன்று சுமார் 735 சதுர கிலோமீட்டரே. பரந்த வயல்கள் இல்லை. இரும்பும் நிலக்கரியும் எடுக்கச் சுரங்கங்கள் இல்லை. தண்ணீரின் ஒரு பகுதியையும் எல்லைக்கு அப்பாலுள்ள ஜொகூரிலிருந்து பெறவேண்டியிருக்கிறது. அத்தகைய தீவில் உலக வணிகர்கள் வந்து கூடுவது எதனால்?

“அமைந்த இடம் அப்படி” என்று பலர் விடை கூறுவர். இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடைப்பட்ட கடல்வழியில் அது இருப்பது உண்மையே. முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கடற்படை செலுத்திய திசையும் அதுவே. ஆயினும், இடம் ஒன்றே காரணமானால், மலாக்காவும் பினாங்கும் அவ்வழியில்தானே இருக்கின்றன? ஆகவே வேறு காரணத்தையும் தேடவேண்டும்.

1819 பிப்ரவரி 6-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் மலாய்த் தலைவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அத்துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதிப் பொருள்களுக்குச் சுங்கம் இல்லை என்பது அவர் வகுத்த நெறி. இதன் பயனை எங்கள் புளியறை மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. மலைக் கணவாயின் வாயிலில், சோதனைச் சாவடியருகே சரக்கு வண்டிகள் நிற்பதைக் கண்டு பழகியவர்கள் நாங்கள். தடையில்லாத வழியையே வணிகன் நாடுவான். 1824-இல் எடுத்த மக்கள் கணக்கில் அத்தீவின் தொகை பதினாயிரத்தைக் கடந்திருந்தது. 1819-இலேயே பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளை நடத்தினார். துணி வணிகமும் செய்தார். 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயில் அவர் முயற்சியின் பயன். பின்னர் நகரத்தார் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் அமைத்து வணிகத்துக்குக் கடன் வழங்கினர்.

சுங்கம் வாங்காத அரசு எதைக் கொண்டு நடந்தது? இவ்வினாவை வரலாற்று மாணவர் கேட்கத்தான் வேண்டும். அபினி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு, அதிலிருந்து வருவாயின் பெரும்பங்கை அரசு பெற்றது. மூட்டை சுமந்த சீனத் தொழிலாளர் உடல்வலி மறக்கப் புகைத்த அபினியே கப்பல் முதலாளியின் சுங்கத்தை ஈடுசெய்தது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கைதிகள் சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்தனர். பண்டங்களுக்குக் கிடைத்த விடுதலை எல்லா மனிதருக்கும் கிடைக்கவில்லை.

1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது நிலைமை கடுமையாக இருந்தது. வேலையின்மை மிகுந்திருந்தது. பலருக்குப் பிழைப்பளித்த பிரிட்டிஷ் படைத்தளங்களும் 1971-இல் பெரும்பாலும் விலக்கிக்கொள்ளப்பட்டன. ஆனால் அடித்தளம் முன்னரே இடப்பட்டிருந்தது. 1960-இல் ஊழல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1961-இல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் தோன்றியது. ஜூரோங் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக மாறியது. 1972-இல் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கொள்கலக் கப்பல்கள் வரத்தொடங்கின. யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரும் அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சருமான எஸ். இராசரத்தினம், உலகமே தம் நகருக்குப் பின்னிலமாக வேண்டும் என்னும் கருத்தை அவ்வாண்டிலேயே எடுத்துரைத்தார். கையூட்டுக் கொடாமலே காரியம் முடியும், எழுதிய ஒப்பந்தம் மீறப்படாது என்ற நம்பிக்கையே அத்தீவின் மூலதனமாயிற்று. அதற்கும் விலை உண்டு: 1968-ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிற்சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைக் குறுக்கின.

தென்காசியை அடுத்த கடையநல்லூரிலிருந்தும் நெசவுத் தொழில் நலிந்த காலத்தில் பலர் அங்குச் சென்றனர். 1941-இல் சங்கம் அமைத்த அவர்கள், 1946-இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளியும் நிறுவினர். இன்றும் அந்நகரில் கடையநல்லூர்த் தெரு என்று ஒரு தெரு உண்டு. அத்தீவின் செல்வத்தைப் பற்றிப் படிக்கும்போது, துறைமுகத்தை வகுத்தவர் பெயரோடு, அதில் உழைத்தவர் ஊர்ப்பெயரையும் சேர்த்துப் படியுங்கள். வரலாறு அப்போதுதான் நிறைவு பெறும்.