ஓர் அட்டவணையும் 76 வரிகளும்

ராபர்ட் பேப் எழுதிய ‘டையிங் டு வின்’ 2005இல் வெளிவந்தபோது நான் வெளிநாட்டில் முதுகலை மாணவன். நூலகத்தில் அதை எடுத்ததும் முன்னுரையைப் படிக்கவில்லை. கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டினேன். அங்கே நீண்ட அட்டவணை ஒன்று இருந்தது. 1980 முதல் 2003 வரை உலகில் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்கள், வரிக்கு ஒன்றாக. தேதி, ஆயுதம், இலக்கு, இறந்தவர் எண்ணிக்கை. அவற்றில் 76 விடுதலைப் புலிகளுடையவை. வேறெந்த அமைப்புக்கும் அத்தனை வரிகள் இல்லை.

அந்த 76 என்ற எண்ணை அதன் பிறகு பல வீடுகளில், பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். ‘பாருங்கள், உலகிலேயே இவர்கள்தான் முதலிடம்’ என்று குற்றச்சாட்டாகச் சொன்னவர்கள் உண்டு. ‘பாருங்கள், ஓர் அமெரிக்கப் பேராசிரியரே இதை மதவெறி அல்ல, மண் மீட்பு என்று எழுதியிருக்கிறார்’ என்று சான்றிதழாகக் காட்டியவர்களும் உண்டு. இரண்டு தரப்பிலும் பேப்பை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. அவர் யார், அந்த எண்ணை ஏன் தேடிப் போனார் என்று தெரிந்துகொண்டால், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

பேப் பயங்கரவாத ஆய்வாளராகத் தொடங்கியவர் அல்லர். 1988இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பிறகு அமெரிக்க விமானப்படையின் உயர்கல்லூரியில் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தியவர். 1996இல் வந்த அவரது முதல் நூல் ‘பாம்பிங் டு வின்’ வான்வழிக் குண்டுவீச்சைப் பற்றியது. ஜெர்மனி, ஜப்பான், கொரியா, வியட்நாம், ஈராக் ஆகிய போர்களை எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்: பொதுமக்கள் மீது குண்டு போட்டால் எதிரி அரசு பணியுமா? பணியாது என்பது அவர் கண்ட விடை. மக்களைத் தண்டிப்பதால் அரசுகள் மசிவதில்லை. தம் படைகளால் இனி வெல்ல முடியாது என்று தெரியும்போதுதான் மசிகின்றன. விமானப்படைக்காரர்களிடம் பாடம் நடத்திய ஒருவர் இதை எழுதியதற்குத் துணிச்சல் வேண்டும்.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அவர் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டார். வலியவன் மெலியவனைப் பணியவைப்பது இருக்கட்டும். மெலியவன் வலியவனைப் பணியவைக்க என்ன செய்கிறான்? தற்கொலைத் தாக்குதல்களுக்கு அதுவரை முழுமையான பட்டியல் கிடையாது. அவரே ஒன்றைத் தொகுத்தார். ஆங்கிலத்தோடு அரபு, ஹீப்ரு, ரஷ்ய மொழி, தமிழ் மூலங்களையும் அவரது குழு தேடிப் படித்தது. சிகாகோவில் ஓர் அறையில் யாரோ தமிழ்ச் செய்திகளைப் புரட்டி ஓர் அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது இன்றும் எனக்கு விசித்திரமாகத்தான் இருக்கிறது.

முதல் முடிவுகள் 2003இல் அமெரிக்க அரசியல் அறிவியல் இதழில் கட்டுரையாக வந்தன. தற்கொலைத் தாக்குதல்கள் தனிமனிதப் பித்தால் நடப்பவை அல்ல. பெரும்பாலானவை தொடர் நடவடிக்கைகளாக, தெளிவான அரசியல் இலக்கோடு நடப்பவை என்றார். முடிவுற்ற 11 தொடர்களில் 6, எதிரி அரசிடமிருந்து ஏதோ ஒரு விட்டுக்கொடுப்புக்குப் பிறகே முடிந்திருந்தன. ஜனநாயக நாட்டின் படை தம் மண்ணை ஆக்கிரமித்திருக்கிறது என்று ஒரு சமூகம் கருதும் இடத்தில்தான், அதிலும் இரு தரப்புக்கும் மதம் வேறாக இருக்கும் இடத்தில்தான், இந்த ஆயுதம் எடுக்கப்படுகிறது என்பது நூலில் அவர் விரித்த கோட்பாடு.

‘இஸ்லாமே காரணம்’ என்ற குரல் ஓங்கியிருந்த காலம் அது. ஈராக் போர் தொடங்கிவிட்டது. அந்தக் குரலுக்கு எதிராகப் பேப்பிடம் இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று, 1980களின் லெபனான். அங்கே அடையாளம் தெரிந்த 38 தாக்குதலாளிகளில் 8 பேர் மட்டுமே இஸ்லாமிய அடிப்படைவாதிகள். 27 பேர் இடதுசாரிகள். 3 பேர் கிறிஸ்தவர்கள். இரண்டாவது சான்று, புலிகள். இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு சமூகத்திலிருந்து வந்த, மதம் சாராத அமைப்பு. அவரது வாதம் நிற்பதே இந்த 76 வரிகளின் மேல்தான். அந்த வரிகளை எடுத்துவிட்டால் நூல் பாதி பலம் இழந்துவிடும்.

ஆனால் அட்டவணை என்பது நடந்தவற்றின் பட்டியல். என் தொழிலில் இந்தச் சிக்கல் தினமும் வருவது. பழுதான இயந்திரங்களின் பதிவுகளை மட்டும் வைத்துப் பழுதுக்குக் காரணம் சொல்லிவிட முடியாது; அதே சூழலில் பழுதாகாமல் ஓடியவற்றையும் பார்க்க வேண்டும். 2008இல் ஸ்காட் ஆஷ்வொர்த்தும் மூன்று ஆய்வாளர்களும் அதே இதழில் பேப்பின் கட்டுரை மீது வைத்த விமர்சனம் ஏறக்குறைய இதுதான். தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் பார்த்து, எதனால் நடந்தது என்று முடிவு கட்ட முடியாது என்றார்கள். பேப் பதில் எழுதினார். நூலில் அவர் தற்கொலைத் தாக்குதல் நிகழாத ஆக்கிரமிப்புகளையும் ஒப்பிட்டிருக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த விவாதத்தை நம் வரலாற்றிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1987 ஜூலை 5ஆம் தேதி நெல்லியடியில் இராணுவ முகாம் மீது மில்லர் நடத்தியது முதல் கரும்புலித் தாக்குதல். அடுத்தது 1990 ஜூலையில், கடலில். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளின் பெரும்பகுதியில் வடகிழக்கில் இருந்தது இந்திய அமைதிப்படை. அகராதிப்படி அந்நியப் படை. ஜனநாயக நாட்டின் படை. அதனோடு புலிகள் கடுமையாகப் போரிட்டார்கள். ஆனால் அதன் மேல் ஒரு கரும்புலியும் ஏவப்படவில்லை. பேப்பின் கோட்பாட்டில் இதற்கு ஒரு பதில் தேடலாம்: இந்தியப் படையிலும் இந்துக்களே அதிகம், மத வேறுபாடு இல்லை. சரி. அப்படியானால் அந்தப் படை 1990 மார்ச்சில் வெளியேறி ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவருக்கு அருகில் நின்ற பத்துக்கும் மேற்பட்டவர்களும் ஏன் கொல்லப்பட்டார்கள்? படை இருந்தபோது வராத ஆயுதம், படை போன பிறகு ஒரு தேர்தல் கூட்டத்துக்கு வந்தது. தாணு என்ற அந்தப் பெண்ணைப் பற்றிப் பேப் தன் நூலில் தனியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் எப்போது, யார் மேல் என்று முடிவு செய்தது ஒரு தலைமை. ஆக்கிரமிப்பு என்ற ஒரு சொல்லால் அந்த முடிவை விளக்கிவிட முடியாது.

இன்னொரு நாள், 1999 ஜூலை 29. கொழும்பில் நீலன் திருச்செல்வம் தற்கொலைக் குண்டுதாரி ஒருவரால் கொல்லப்பட்டார். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். தமிழர் விடுதலைக் கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1995 அதிகாரப் பகிர்வு யோசனைகளை உருவாக்கியதில் பங்குள்ளவர். கொன்றது புலிகளே என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஒன்று. பேப்பின் பகுப்பில் புலிகளின் தொடர்கள் எல்லாம் ‘இலங்கைக்கு எதிராக’ என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. நீலன் ஆக்கிரமிப்புப் படை அல்லர். அவர் தமிழர். மியா புளூம் 2005இலேயே தன் நூலில் இதற்கு வேறொரு விளக்கம் தந்தார்: ஒரே மக்களுக்காகப் பல குரல்கள் பேசும்போது, மற்றவற்றை மிஞ்சுவதற்காகவும் இந்த ஆயுதம் எடுக்கப்படுகிறது. ஈழத்தில் அந்தப் போட்டி எப்படி நடந்தது என்பதை நம்மில் மூத்தவர்களுக்கு எந்தப் பேராசிரியரும் விளக்க வேண்டியதில்லை.

பேப் அந்த அட்டவணையோடு நின்றுவிடவில்லை. 2010இல் ஜேம்ஸ் ஃபெல்ட்மனோடு ‘கட்டிங் தி ஃபியூஸ்’ எழுதினார். அதற்குள் பட்டியல் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது, பெரும்பகுதி ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களால். 2021 ஜனவரி 6க்குப் பிறகு தன் நாட்டையே அட்டவணையில் ஏற்றினார். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து கைதான 377 பேரை ஆராய்ந்து, பெரும்பாலோர் எந்த ஆயுதக் குழுவிலும் இல்லாதவர்கள் என்றும், வெள்ளையர் விகிதம் குறைந்துவரும் மாவட்டங்களிலிருந்து அதிகமாக வந்தவர்கள் என்றும் எழுதினார். வன்முறை செய்கிறவன் வேறு இனம், வேறு மதம், வேறு மனநிலை என்று சொல்லித் தப்பிக்க அவர் யாரையும் விடுவதில்லை. அவர் எழுத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நம்மையும் அப்படித் தப்பிக்க விட வேண்டியதில்லை. ‘மதம் அல்ல’ என்று அவர் நிறுவியது உண்மை. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், முஸ்லிம்கள் நம்மைவிட அதிகமாக. ஆனால் காரணம் சொல்வது வேறு, நியாயம் சொல்வது வேறு. பேப் காரணத்தை ஆராய்ந்தார். நியாயத்தை நாம்தான் அதில் ஏற்றிப் படித்தோம்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இணையத்தில் இந்த எண்ணைக் கண்டுபிடித்து, ‘இது நாமா?’ என்று கேட்கிறார்கள். என் வீட்டிலும் கேட்டாயிற்று. ஆம் என்றும் இல்லை என்றும் ஒரு சொல்லில் சொல்ல எனக்கு வரவில்லை. நெல்லியடி, ஸ்ரீபெரும்புதூர், கொழும்பு என்று மூன்று இடங்களையும் மூன்று தேதிகளையும் சொல்லி, ஒவ்வொன்றிலும் இறந்தவர்கள் யார் என்று தேடிப் படிக்கச் சொன்னேன். மீதி வரிகளையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.