பகுதிப் பின்னமும் எண்சுவடியும்: யாழ்ப்பாணத்துக் கணிதக் கல்வி குறித்த ஓர் ஆராய்ச்சி

பின்னங்கள் சிலவற்றைக் கூட்டி ஒன்றாக்குதல் எளிது. கூட்டி முடிந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது எவ்வெவற்றின் கூட்டாய் இருந்திருத்தல் வேண்டும் என்று பின்னோக்கி ஆராய்ந்து பிரித்தல் அரிது. அட்சரகணிதத்திலே பகுதிப் பின்னம் என்று வழங்கும் இவ்வரிய காரியம் ஐரோப்பாவிலே தொடர்களின் கூட்டுத்தொகை பற்றிய விசாரணையினாலும், பின்னர்த் தொகையிடலின் தேவையினாலும் வளர்ந்தது. 1672இல் பாரிஸ் நகரிலே ஹைகன்ஸ் என்னும் பேரறிஞர் ஒரு முடிவிலித் தொடரின் கூட்டுத்தொகை யாது என விடுத்த வினாவுக்கு விடை தேடிய லைப்னிட்ஸ், அதன் 2/ந(ந+1) என்னும் உறுப்பை 2/ந − 2/(ந+1) என இரண்டாகப் பிளந்து, இடையிலுள்ளவை யாவும் ஒன்றையொன்று அழித்து ஒழிய, முடிவில்லாத அத்தொடரின் கூட்டுத்தொகை 2 என்று கண்டார்.

1702ஆம் ஆண்டில் அவரும் யோகான் பெர்னூலியும் விகிதமுறு கோவைகளைத் தொகையிடுதற்கு இதே உபாயத்தைப் பிரயோகித்தனர். பகுதியைக் காரணிகளாக்கிவிட்டால், எத்துணைச் சிக்கலான கோவையும் மடக்கையும் வட்டவில்லுமாகக் கரைந்துவிடும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. ஆயின் ய⁴+க⁴ என்பதை மெய்யெண் குணகங்களுடைய இருபடிக் காரணிகளாகப் பிரித்தல் இயலாது என்று லைப்னிட்ஸ் கருதினார். அதனை (ய²+க²)² − 2க²ய² என மாற்றி எழுதினால், வர்க்க வித்தியாசமாகி, (ய²+√2கய+க²)(ய²−√2கய+க²) என்று உடனே பிரியும். இதனை 1719இல் நிக்கலஸ் பெர்னூலி எடுத்துக்காட்டினார். லைப்னிட்ஸின் இப்பிழை இகழத்தக்கதன்று என்பது எம் கருத்து. எல்லாப் பல்லுறுப்பிகளும் இவ்வாறு பிரியுமா என்னும் ஆழ்ந்த வினாவை முதலில் துணிந்து எழுப்பியவர் அவரே யாதலின். 1748இல் ஆய்லர் தம் பெருநூலில் இம்முறையை ஒழுங்குபடுத்தி வைத்தார்.

இத்தகைய மேனாட்டுக் கணிதம் யாழ்ப்பாணத்தை அடைந்த வாயில்களுள் தலையாயது, அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியாகும். அதன் முதல் அதிபரான டானியேல் பூவர், 1829 மார்ச் 20ஆம் நாள் நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் குறித்து அராலிப் பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியாருடைய கணிப்போடு தம் கணிப்பை ஒப்புநோக்கி வாதிட்டமை பிரசித்தம். பின்வந்த ஹொய்சிங்டன் 1848இல் நம் நாட்டு வானசாஸ்திர முறைகளை ஆங்கிலத்திற் பெயர்த்து நூலாக்கினார். செமினரியிற் போதனை ஆங்கிலத்திலேயே நடந்தது. எனினும் அதன் மாணாக்கர் மரபில் வந்த கறோல் விசுவநாதபிள்ளை, செமினரி மூடப்பட்ட அதே 1855ஆம் ஆண்டிலே, ‘வீசகணிதம்’ என்னும் பெயரால் அத்துறையைத் தமிழிலே தந்தார். இரண்டாண்டு கழிந்து, 1857இல், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவர் இவரும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையுமே என்பதை எண்ணுந்தோறும் இக்குடாநாட்டின் கல்விவேட்கை நம்மை வியக்கவைக்கின்றது.

ஆனால், அட்சரகணிதம் வருமுன்னரே திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்னும் வாய்பாட்டுச் சுவடியை மனனஞ் செய்த பிள்ளைகளிடத்துப் பின்னத்தைப் பகுத்துரைக்கும் பயிற்சி இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சமண கணிதர் மகாவீராசாரியர் ஒன்று என்னும் எண்ணையே ஒன்றைத் தொகுதியாகவுடைய பின்னங்களாக விரிக்கும் சூத்திரம் வகுத்தார். அது நூல்வல்லார்க்கு உரியது. எண்சுவடியோ உலக விவகாரத்துக்கு உரியது. ஓர் ஏக்கர் பதினாறு பரப்பு என்னும் நம்மூர்க் கணக்கிலே, பதினைந்து பரப்புக் காணியை எண்சுவடி பயின்றவன் முக்காலே மூன்று வீசம் ஏக்கர் என்பான்; அஃதாவது, 15/16 என்பதை 3/4 + 3/16 என்று பிரிக்கின்றான். நான்கு வீசம் சேர்ந்தால் ஒரு காலாகிவிடுமாதலின், வீசத்தின் எண்ணிக்கை மூன்றைத் தாண்டுவதில்லை.

இனி, (3ய+5)/(ய+1)² என்பதைப் பாருங்கள். ஒரே காரணி இருமுறை வரும்போது, (ய+1) ஐப் பகுதியாகக் கொண்ட ஒரு பின்னமும் (ய+1)² ஐப் பகுதியாகக் கொண்ட வேறொரு பின்னமும் வேண்டும் என்று உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு விதி சொல்லப்படுகின்றது. ஏன் இரண்டு என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. மேற்கூறிய காணிக் கணக்கு அதனை விளக்கும். பதினைந்தை நான்கால் வகுக்க ஈவு 3, மீதி 3. ஈவு காலாயிற்று, மீதி வீசமாயிற்று. 3ய+5 ஐ (ய+1) ஆல் வகுக்க ஈவு 3, மீதி 2. ஆகவே விடை 3/(ய+1) + 2/(ய+1)². வீசம் நான்கை எட்டாதவாறே, இங்கும் மீதியின் படி காரணியின் படியை எட்டுவதில்லை. எண்சுவடியிலிருந்து பகுதிப் பின்னம் பிறந்தது என்று வாதித்தல் சரித்திரத்துக்கு ஒவ்வாது. இரண்டும் வெவ்வேறு தேவையால், வெவ்வேறு தேசங்களில் எழுந்தவை. ஆயினும் இரண்டிலும் நிகழ்வது ஒரே வகுத்தல்தான். அதனைக் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்ட இரண்டு வரிகள் போதும்.