முட்டை வெண்ணெயும் தொலைந்த ஊரும்

ஆபீஸ் வேலையா ஃபின்லாந்து போய்வந்த நண்பர் 'முனவோய்' பத்தி சொன்னார். முனா முட்டை, வோய் வெண்ணெய். அவிச்ச முட்டையைப் பொடியா நறுக்கி, வெண்ணெய், உப்பு போட்டுப் பிசைஞ்சா முடிஞ்சது. (நானே செஞ்சுட்டேன்னா பாத்துக்கோங்க!)

இதைத் தடவிச் சாப்பிடுறது கரேலியப் பையில. ரை மாவுல மெல்லிசா தட்டி, உள்ளே பால்ல வேகவெச்ச அரிசிக் கஞ்சி. அரிசி பிற்பாடு வந்தது. முன்னாடி பார்லிக் கஞ்சிதான்.

சுவாரசியம் ருசியில இல்லீங்க. 1939 நவம்பரில் சோவியத் படை ஃபின்லாந்துக்குள் புகுந்தது. 1940 மார்ச் ஒப்பந்தத்தில் ஃபின்லாந்து வசமிருந்த கரேலியாவின் பெரும்பகுதி கைவிட்டுப் போச்சு. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க வீட்டை விட்டுக் கிளம்பினாங்க. 1941ல ஃபின்லாந்து மண்ணை மீட்டதும் நிறைய பேர் திரும்பிப் போய் வீட்டைச் சரிபண்ணி விதைச்சாங்க. 1944ல மறுபடியும் மூட்டை கட்டினாங்க. அரசாங்கம் 1945ல சட்டம் போட்டு நாடு முழுக்க நிலம் பிரிச்சுக் கொடுத்தது. அவங்க போன இடமெல்லாம் இந்தப் பையும் போச்சு. 2003ல ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பாரம்பரிய உணவாப் பதிவு பண்ணிடுச்சு. ஊர் மட்டும் இன்னிக்கும் ரஷ்யாவுலதான்.

வடக்குத்துல உக்காந்து இதைப் படிக்க ஒருமாதிரி இருந்தது. நெய்வேலியில் நிலக்கரிக்காகக் காலியான கிராமங்கள்ல ஒண்ணுதான் எங்க ஆயா ஊரும். போருக்கும் சுரங்கத்துக்கும் முடிச்சுப் போடலை. ஆனா ஆயா தட்டுற கேழ்வரகு அடைக்கு இன்னமும் அந்த ஊர் பேர்தான்.

ஞாயித்துக்கிழமை அந்த அடை மேல முனவோய் தடவிக் கொடுத்தேன்.

"உப்பு பத்தலடா" ன்னாங்க.