மூன்று அரசிகளின் நீர்நிலைகள்

அசாமின் சிவசாகர் நகரத் தெருவில் நிற்பவர் பொர்புகுரி குளத்தின் கரையை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஊரின் தரைமட்டத்தைவிடக் குளத்தின் நீர்மட்டம் உயரம். தோண்டிய மண்ணையே நாற்புறமும் பெருங்கரையாக எழுப்பியிருக்கிறார்கள். 1734-ல் அரசி அம்பிகா வெட்டுவித்த குளம் இது. கரையிலேயே 100 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சிவதோல் கோயிலும் அவர் கட்டியதே.

1228-ல் பட்காய் மலையைக் கடந்து வந்த சுகபா நிறுவிய அகோம் அரசு, சுமார் 600 ஆண்டுகள் நீடித்தது. அதன் மாபெரும் குளங்களில் மூன்று, மூன்று அரசிகளோடு பிணைந்தவை.

முதலாமவர் ஜயமதி. ஆனால் அவர் அரசியாகும் வரை வாழவில்லை, குளம் எதையும் வெட்டவும் இல்லை. உடலில் ஊனம் உள்ளவர் அரியணை ஏற முடியாது என்பது அகோம் மரபு. 1679-ல் பட்டத்துக்கு வந்த சிறுவயது மன்னர், தமக்குப் போட்டியாக வரக்கூடிய இளவரசர்களை எல்லாம் தேடித் தேடி ஊனப்படுத்தச் செய்தார். இளவரசர் கதாபாணி நாகர் மலைகளுக்குத் தப்பியோடினார். அவர் இருக்கும் இடத்தைக் கேட்டு மனைவி ஜயமதியைச் சித்திரவதை செய்தார்கள். அவர் வாய் திறக்கவே இல்லை, உயிர்தான் போனது. 1681-ல் கதாபாணி மன்னரானார். அவருக்குப் பின் வந்த மகன் ருத்ர சிங்கன், தாயின் நினைவாக 318 ஏக்கரில் ஜயசாகரை வெட்டுவித்தார். கரையில் 1698-ல் ஜயதோல் கோயில் எழுந்தது.

செங்கல் கட்டட வேலைக்கு கூச் பிகாரிலிருந்து கனஷியாம் என்ற கலைஞரை வரவழைத்தார் ருத்ர சிங்கன். சுண்ணாம்போடு பசையுள்ள பொரா அரிசி, உளுந்து, வாத்து முட்டை, வெல்லப்பாகு எல்லாம் குழைத்த சாந்து அகோம் சுவர்களை இறுகப் பிடித்திருக்கிறது. இத்தனை திறமை காட்டிய கனஷியாமுக்குக் கிடைத்த முடிவு கொடியது. ஊர் திரும்பும்போது அவரிடம் நாட்டைப் பற்றிய குறிப்புகள் இருந்தன என்று சொல்லி, ஒற்றர் எனக் கொன்றுவிட்டார்கள்.

இந்தக் குளங்களுக்கு மண் சுமந்தவர்கள் 'பைக்குகள்' எனப்பட்ட குடிமக்கள். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர் முறைவைத்து அரசு வேலைக்குப் போக வேண்டும். அவர் வயலை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த உழைப்பைச் சொல்லாமல் மன்னர்களை மட்டும் புகழ்வது நியாயமே அல்ல.

அடுத்த மன்னர் சிவ சிங்கன். அவருடைய ஆட்சிக்கு ஆபத்து என்று சோதிடர்கள் சொல்லவே, அரசி புலேஸ்வரிக்கு 'பொர் ராஜா' பட்டம் தந்து ஆட்சியை ஒப்படைத்தார். கோயில் நடனப் பெண்ணாக இருந்தவர் என்று சொல்லப்படும் புலேஸ்வரியின் பெயர் நாணயங்களிலும் பொறிக்கப்பட்டது. கௌரிசாகர் அவர் வெட்டுவித்தது. அம்பிகா அதே மன்னரின் இன்னொரு மனைவி. புலேஸ்வரிக்குப் பின் அந்தப் பட்டத்துக்கு வந்தவர்.

சாக்த வழியில் தீவிரமாக நின்ற புலேஸ்வரி, துர்கா பூஜைக்கு வைணவ மடத் தலைவர்களை வரவழைத்து, பலி ரத்தத்தை அவர்கள் நெற்றியில் பூசச் செய்தார். அவர்களில் மோவாமரியா மடத்தார் அந்த அவமானத்தை மறக்கவில்லை. அவர்களுடைய சீடர்களில் பெரும்பாலோர் எளிய உழைப்பாளிகள். 1769-ல் அவர்கள் கிளர்ந்தெழுந்து தலைநகர் ரங்கபுரத்தைப் பிடித்தார்கள். மன்னர் லட்சுமி சிங்கன் சிறைவைக்கப்பட்டது ஜயசாகர் கோயிலில். மறு ஆண்டே அவர் அரியணையை மீட்டார் என்றாலும் கிளர்ச்சி ஓயவில்லை. அடுத்தடுத்த மன்னர்கள் காலத்திலும் வெடித்தது. அந்தப் போர்களை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)