பால்மரத்து வரியும் ஒரு சமன்பாடும்

அறுவை சிகிச்சை பழகும் மாணவருக்கு இன்று கணினிக்குள்ளேயே ஒரு கல்லீரல் கிடைக்கிறது. கையிலிருக்கும் கருவியால் அழுத்தினால் திரையில் அது குழிகிறது. கருவிக்குள் இருக்கும் மோட்டார் விரலைத் திருப்பித் தள்ளுகிறது. நிஜமாகத் தொட்ட மாதிரியே இருக்கும்.

கண்ணை ஏமாற்றுவது சுலபம், விநாடிக்கு 30 படம் காட்டினால் போதும். விரல் அப்படி ஏமாறாது. எதிர்விசையை விநாடிக்குச் சுமார் 1000 முறை புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் கருவி அதிர ஆரம்பித்துவிடும். கல்லீரலை ஆயிரக்கணக்கான நான்முகித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நசுங்கியது, எவ்வளவு எதிர்க்கிறது என்ற கணக்கை ஒரு மில்லி விநாடிக்குள் முடித்தாக வேண்டும்.

ஒரே செயலி ஒவ்வொரு துண்டாகப் போட்டால் நடக்காது. இங்கேதான் கிராபிக்ஸ் கார்டு வருகிறது. தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பெரட்டு முடிந்ததும் ஆளுக்கொரு நிரை. எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டுவார்கள், யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஸ்டோரில் பால் நிறுக்கும்போதுதான் வரிசை. கார்டிலும் அப்படித்தான்: நூற்றுக்கணக்கான கருக்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொள்ளும்; பக்கத்துத் துண்டுகளின் விசையைப் பொதுமுனையில் கூட்டும் இடத்தில்தான் நெரிசல். 2007இல் என்விடியாவின் கூடா வெளிவந்த பிறகு, இதை எழுதுவது எங்களைப் போன்ற சாதாரணப் பொறியாளர்களுக்கும் கைக்கெட்டியது.

சரி, ஒவ்வொரு கருவும் போடும் கணக்கு எங்கிருந்து வந்தது? பல நிரல்களில் இருப்பது நியோ-ஹூக்கியன் அல்லது மூனி-ரிவ்லின் சமன்பாடு. இரண்டும் முதலில் சதைக்காக எழுதப்பட்டவை அல்ல, ரப்பருக்காக எழுதப்பட்டவை. மெல்வின் மூனி 1940இல் தொடங்கியதை ரொனால்ட் ரிவ்லின் 1948இல் முழுமையான கோட்பாடாக்கினார். அப்போது அவர் வேலை செய்த இடம் இங்கிலாந்தில் இருந்த பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம். 1938இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்குப் பணம் எங்கிருந்து போனது தெரியுமா? மலாயா போன்ற காலனிகளிலிருந்து ஏற்றுமதியான ரப்பர்மீது போட்ட வரியிலிருந்து. அதே நிறுவனம்தான் இன்று துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம் என்ற பெயரில் மலேசிய ரப்பர் வாரியத்தின்கீழ் இயங்குகிறது.

வரியைக் கட்டியவை கம்பெனிகள். ஆனால் அந்த ரப்பரில் பெரும்பங்கு, விடியுமுன்னே எழுந்து போன தமிழர்களின் கையால் இறங்கிய பால். பேராக்கில் இந்தக் கதை 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு தொடங்குகிறது. ரிவ்லினின் கட்டுரைகள் அச்சான அதே 1948, ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தது. வரலாற்றுப் புத்தகத்தில் இது இருக்கிறது. சமன்பாட்டுக்குப் பின்னால் இருந்த உழைப்பை என் பல்கலைக்கழகப் பாடத்தில் யாரும் சொல்லவில்லை.

பால்வெட்டும் ஒரு தொடுகணக்குதான். பாற்குழாய்கள் வளர்படையை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும். உளி அதற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். "கொஞ்சம் ஆழமாப் போச்சுன்னா மரத்துக்குக் காயம், நமக்கு ஏச்சு" என்பார் பாட்டி. தலைவிளக்கு வெளிச்சத்தில் அந்த ஒரு மில்லிமீட்டரை அவர் கண்ணால் பார்க்கவில்லை, மணிக்கட்டால் அறிந்தார்.

இப்போது அந்தத் தோட்டத்தில் செம்பனை நிற்கிறது. ரிவ்லினின் கட்டுரையைத் தேடினால் கிடைக்கும். பாட்டியின் கை எத்தனை நியூட்டன் அழுத்தியது என்று கேட்க இனி வழியில்லை. ஆனால் ஈப்போவைச் சுற்றி, பால்வெட்டிய கைகள் இன்னும் சில இருக்கின்றன. விநாடிக்கு ஆயிரம் முறை அளக்கும் கருவியும் இப்போது இருக்கிறது.