கடைசி ரயிலுக்கு முன் அரை பைன்ட்

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இரண்டு வாரம் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான தமிழ்ப் பாடநூல்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். தங்கியது ஈஸ்ட் ஹாமில், ஓர் ஈழத்து அக்கா வீட்டு மாடியறையில். கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. நவம்பர் மாதம், நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வாசிப்பறை மூடியதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யூஸ்டன் சாலையில் வந்து நிற்பேன். இடப்பக்கம் திரும்பினால் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில், அப்படியே வீடு. வலப்பக்கம் பத்து நிமிடம் நடந்தால் யூஸ்டன் ரயில் நிலையம். அதன் முன்னால் இரண்டு பழைய கல் காவல்மனைகள். ஒரு காலத்தில் ரயில் போன ஊர்களின் பெயர்கள் அவற்றின் மூலைக்கற்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. நான் போனபோது அங்கே பியர் விற்றார்கள். நான் வலப்பக்கம் திரும்பினேன்.

இரவு வீடு திரும்பியதும் அக்கா கேட்டார்: “ரீச்சர், இவ்வளவு நேரமும் எங்க போனனீங்கள்?” “சும்மா நடந்துட்டு வந்தேன் அக்கா” என்றேன். சென்னையிலிருந்து தொலைபேசியில் பேசிய கல்லூரித் தோழியிடமும் அதையேதான் சொன்னேன். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவள், நாற்பதைக் கடந்தவள், மேடையில் உடலையும் விருப்பத்தையும் பற்றிக் கவிதை வாசிக்கிறவள். ஒரு கோப்பை பியரை மறைக்கப் பொய் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்தப் பொய்யிலிருந்து தொடங்குகிறது.

கார் இல்லாமல் வெளியூரில் நல்ல பியரைத் தேடும் பெண்ணுக்குச் சில கணக்குகள் உண்டு. ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். வழி நெடுக விளக்கு வேண்டும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதற்கு முந்தைய ரயில் எத்தனை மணிக்கு என்று இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் முதலில் கண் போவது சுவரோரம் தனியாக உட்கார ஓர் இருக்கை இருக்கிறதா என்று. அடுத்தது கழிப்பறை எந்தப் பக்கம் என்று. அதன் பிறகுதான் மேசைமீதுள்ள கைப்பம்புகளைப் பார்ப்பேன். கையால் இழுத்து ஊற்றும் பியர் பீப்பாய்க்குள்ளேயே உயிரோடு இருக்கும். ஈஸ்ட் அதில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். பீப்பாயைத் திறந்துவிட்டால் சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். தோசை மாவைப் போலத்தான். பெரிய ஆலைகளின் வடிகட்டிய, வாயு ஏற்றிய பியருக்கு எதிராக, இந்த உயிருள்ள பியரைக் காப்பாற்ற 1971-இல் நான்கு இளைஞர்கள் ‘காம்ரா’ என்ற நுகர்வோர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் அவர்கள் வெளியிடும் வழிகாட்டி நூல்தான் என் போன்ற நடைப் பயணிகளுக்குத் துணை.

நான் எப்போதும் அரை பைன்ட் கேட்பேன், 284 மில்லி. நான் கேட்டதும் ஊற்றிக் கொடுத்தார்கள். இந்தச் சாதாரண விஷயத்துக்கே ஒரு வழக்குத் தேவைப்பட்டது. அதே லண்டனில் ஃப்ளீட் தெருவில் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கூடும் ‘எல் வினோ’ என்ற மதுக்கூடத்தில், பெண்கள் மேடையருகே நின்று வாங்க முடியாது. பின்னறையில் உட்கார்ந்தால்தான் தருவார்கள். டெஸ் கில் என்ற வழக்கறிஞரும் ஆனா கூட் என்ற பத்திரிகையாளரும் வழக்குப் போட்டார்கள். 1975-இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்திருந்தும், 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போய்த்தான் அவர்களால் வெல்ல முடிந்தது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அங்கே அப்படித்தான் இருந்தது.

ஆனால் அந்த மேடைக்குப் பின்னால் இருந்த பானம் முதலில் யாருடையது?

ஜூடித் பென்னெட் என்ற வரலாற்றாசிரியர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, 1300 முதல் 1600 வரை இங்கிலாந்தில் ஏல் காய்ச்சிய பெண்களைப் பற்றியது. ஹாப்ஸ் சேர்க்காத அக்காலத்து பியர்தான் ஏல். முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். சில நாட்களில் கெட்டுவிடும், தூரம் கொண்டு போக முடியாது. அதனால் அது வீட்டு வேலையாக இருந்தது. சோறு வடிக்கும் அடுப்பில், வீட்டுத் தேவைக்குக் காய்ச்சி, மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்பது. விற்பனைக்குத் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கம்பில் தழைக்கொத்தையோ துடைப்பத்தையோ கட்டித் தொங்கவிடுவார்கள். இவர்களுக்கு ‘ப்ரூஸ்டர்’ என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டர்’ என்பது பெண்பால் விகுதி. இலக்கணம் படித்தவளுக்கு இந்த இடத்தில் காது நிமிரும். நூல் நூற்பவள் ‘ஸ்பின்ஸ்டர்’. அந்தச் சொல் பிறகு தொழிலை இழந்து, மணமாகாதவள் என்ற ஒற்றைப் பொருளில் சுருங்கியது. ப்ரூஸ்டருக்குப் பால் அடையாளமே போய்விட்டது. இன்று அது வெறும் குடும்பப் பெயர்.

இந்தப் பெண்களின் பெயர்கள் நமக்கு எப்படித் தெரியும்? பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஏலின் விலைக்கும் தரத்துக்கும் சட்டம் இருந்தது. சோதித்துப் பார்க்க ஆண் அலுவலர்கள் இருந்தார்கள். அவர்கள் தண்டம் விதித்த பட்டியல்கள் ஊர் நீதிமன்றச் சுருள்களில் கிடக்கின்றன. பெண்கள் ஆவணத்துக்குள் வந்த வழி அபராதம்தான். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் பியர்க்காரர் சங்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். 1600-க்குள் இந்தத் தொழில் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசிப்பறைக்கு விடுமுறை. கிங்ஸ் கிராஸில் ரயிலேறி, கேம்பிரிட்ஜ், ஈலி வழியாக கிங்ஸ் லின் போனேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, வண்டி மாற வேண்டியதில்லை. அது மார்ஜரி கெம்ப் வாழ்ந்த ஊர். 1373 வாக்கில் பிறந்தவர், ஊர் மேயரின் மகள். எழுதத் தெரியாத அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய நூலை, ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று பலரும் சொல்கிறார்கள். பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்த அதன் கையெழுத்துப்படி 1934-இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது இருப்பது நான் தினமும் உட்கார்ந்திருந்த அதே பிரிட்டிஷ் நூலகத்தில்.

மார்ஜரி மூன்று நான்கு ஆண்டுகள் அந்த ஊரின் பெரிய ஏல் உற்பத்தியாளர்களில் ஒருவராக இருந்தார். பிறகு நொடித்துப் போனார். பொங்கி நின்ற நுரை திடீரென்று அமுங்கிவிடும், ஒவ்வொரு முறையும் மொத்தமும் வீணாகும், வேலையாட்கள் வெட்கப்பட்டு விலகிப் போனார்கள் என்று நூலில் சொல்கிறார். கர்வத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றே அதை எடுத்துக்கொண்டார். அவருடைய கோயில் இன்னும் ஊரின் நடுவில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஆற்றோரம் நடந்து, ஒரு மதுக்கூடத்தில் அரை பைன்ட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வசதியான வீட்டுப் பெண்ணுக்கே ஈஸ்ட் கைவிட்டால் தொழில் போயிற்று. மூலதனம் இல்லாதவளுக்கு எத்தனை முறை போயிருக்கும்!

பெண்களை வெளியேற்றியது எது என்று கேட்டால் இப்போது ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கூர் தொப்பி, பெரிய கொப்பரை, துடைப்பம், பூனை: ஏல் காய்ச்சிய பெண்களைத்தான் சூனியக்காரிகள் என்று எரித்தார்கள் என்று. நானும் அதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மாணவிகள் கண்கள் விரியக் கேட்டார்கள். பிறகு படித்தபோது தெரிந்தது, அதற்குச் சான்று இல்லை. அடுத்த வாரம் போய்த் திருத்திச் சொன்னேன். நடந்தது தீயைவிட அமைதியானது. ஹாப்ஸ் வந்தது. ஹாப்ஸ் சேர்த்த பியர் மாதக்கணக்கில் கெடாது, கப்பலில் ஏற்றலாம், படைக்கு விற்கலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், பெரிய கொப்பரைக்குக் கடன் வேண்டும். மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போட அந்நாட்டுப் பொதுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சங்கமும் உரிமமும் கணவன் பெயருக்குப் போயின. கூடவே வசையும் வந்தது. ஏமாற்றுக்காரி, அழுக்கானவள், ஆண்களைக் கெடுப்பவள் என்று பாட்டிலும் கோயில் சிற்பத்திலும் அவளைக் காட்டினார்கள். 1540-இல் செஸ்டர் நகரத்தில், பதினான்கு வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்ட எந்தப் பெண்ணும் ஏல் கடை நடத்தக் கூடாது என்று ஆணையிட்டார்கள். என் வயதுக்கு எனக்கு அனுமதி கிடைத்திருக்கும். அதுதான் அந்த ஆணையின் உட்பொருளும்.

பென்னெட் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். அந்தப் பழைய காலம் பெண்களின் பொற்காலம் அல்ல. லாபம் குறைவாகவும் மதிப்புக் குறைவாகவும் இருந்ததால்தான் அது பெண்கள் கையில் விடப்பட்டிருந்தது. காசு பார்க்கத் தொடங்கியதும் கை மாறியது.

ரயிலில் திரும்பும்போது பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பை வர்ணிக்கும் இடத்தில் ஒரு செய்முறையே இருக்கிறது. அரிசிக் களியை அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, வெந்நீர் விட்டு அரித்து எடுப்பது. முளைகட்டிய தானியம், நொதித்தல், வெந்நீர்: பியரின் வழிமுறை இதுதான். அதே பாட்டில் கடற்கரைப் பட்டினத்தில் கள் காய்ச்சும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் வட்டில் கழுவிய நீர் சேறாகிக் கிடக்கிறது. இருபது ஆண்டாக இதைப் பாடம் நடத்துகிறேன். ஔவைக்கும் அதியமானுக்கும் நடுவில் இருந்த கள்ளைப் பற்றிப் பேசும்போதே குரல் தாழ்ந்துவிடும். இந்தப் பெண்களிடம் வரும்போது, அருஞ்சொற்பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன்.

நான் வளர்ந்தது வடசென்னையில், கடல் வாடை அடிக்கும் தெருவில். தெருமுனையில் ஓர் ஆயா சுண்டக்கஞ்சி விற்பார். சோற்றைப் புளிக்கவைத்து எடுப்பது. கடலிலிருந்து திரும்பியவர்கள் வாங்கிக் குடிப்பார்கள். போலீஸ் வேன் வரும் நாளில் ஆயா பானையைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். சில நாள் வேனில் ஏறிப் போவார். பெரும்பாணாற்றுப்படையின் வலைஞரிலிருந்து ஆயாவரை அறுபடாத தொடர்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குச் சான்று வேண்டும். ஆனால் ஆயாவின் பெயர் எங்காவது எழுத்தில் இருக்குமானால், அது வழக்குப் பதிவேட்டில்தான் இருக்கும். லின் ஊர்ப் பெண்களைப் போலவே.

இதை எழுதும்போது என் அம்மா முன்னால் நிற்கிறார். அப்பா குடித்து அழித்தவற்றின் கணக்கு அவரிடம் இன்னும் இருக்கிறது. 1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் சாராயத்துக்கு எதிராக எழுந்த பெண்களும், நம் ஊர்களில் டாஸ்மாக் கடை முன்னால் உட்கார்ந்த பெண்களும் தெரிந்தே போராடினார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று குடிப்பது விடுதலை என்று நான் சொல்லப்போவதில்லை. நான் சொல்வது வேறு. 1983-இல் தொடங்கி, 2003-இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்ட டாஸ்மாக் விற்பது ஆலைச் சரக்கு. சீக்கிரம் விழவைக்கும் சரக்கு. அதன் லாபம் அரசுக்கு, அதன் இடம் ஆண்களுக்கு, அதன் அடி பெண்களுக்கு. அதே அரசின் சட்டத்தில் ஆயாவின் பானை குற்றம். என் அம்மாவை அழவைத்ததும் ஆயாவை வேனில் ஏற்றியதும் எதிரெதிரானவை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு மாலை, ஒரு கைப்பம்பில் ‘ப்ரூஸ்டர்ஸ்’ என்ற பெயரைப் பார்த்தேன். 1998-இல் சாரா பார்ட்டன் என்ற பெண் தொடங்கிய சிறிய வடிப்பகம், பழைய தொழிற்பெயரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டது. கசப்பு மெல்லத்தான் வந்தது, அடியில் பொரி வாசம் இருந்தது. நிதானமாகக் குடித்து முடித்தேன். கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைப் பிடித்தேன்.

அக்கா கதவைத் திறந்தார். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: “பியர் குடிக்கப் போனேன் அக்கா.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சோற்றுப் பானையை அடுப்பில் சூடாக்கிக்கொண்டே சொன்னார்: “எங்கட அம்மம்மாவும் பின்னேரத்திலை ஒரு கிளாஸ் உடன் கள்ளுக் குடிக்கிறவ, ரீச்சர். நாங்கள் ஒருத்தரும் வெளியிலை சொல்லிறேல்லை.”

அதை எழுதலாமா என்று கேட்டேன். “பேரைப் போடாமல் எழுதுங்கோ” என்றார்.