ஃப்ரீமாண்ட்: ஒரே கூரை, மூன்று முதலாளிகள்



ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முதலில் செமஸ்டர் பரீட்சை, பிறகு சோம்பேறித்தனம். இரண்டாவது காரணம்தான் பெரியது :-)

போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு சின்னப் பட்டிமன்றம். 2024-ல் சீன மின்சார கார்களுக்கு அமெரிக்கா 100 சதவீத இறக்குமதி வரி போட்டது சரியா, தவறா என்பது தலைப்பு. நான் "சரி" அணி. அரசாங்கப் பணத்தில் வளர்ந்த கார் குறைந்த விலைக்கு வந்து இறங்கினால் உள்ளூர்த் தொழிலாளி நடுத்தெருவில்தான் நிற்பான் என்று வாய் கிழியப் பேசினேன். கைதட்டலும் விழுந்தது. அப்போது எதிரணியில் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சரி, வரி போட்டு நேரம் வாங்கிக் கொடுத்தாச்சு. அந்த நேரத்துல உங்க கம்பெனிங்க என்ன செய்யும்?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. இதே அமெரிக்கா இதே மாதிரி ஒரு சுவரை முன்பு எப்போதாவது எழுப்பியிருக்கிறதா, அப்போது என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். அந்தத் தேடல் என்னைக் கலிபோர்னியாவில் உள்ள ஃப்ரீமாண்ட் என்ற ஊரின் ஒரு கார் தொழிற்சாலையில் கொண்டுபோய் நிறுத்தியது. அதன் கதைதான் இந்தப் பதிவு.

முதல் முதலாளி

1960-களில் அந்தத் தொழிற்சாலையைத் திறந்தது ஜெனரல் மோட்டார்ஸ். அன்றைக்கு அமெரிக்க கார் என்றால் கப்பல் மாதிரி நீளம், தண்ணீர் மாதிரி பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல் மலிவாக இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. 1973-ல் ஒரு எண்ணெய் நெருக்கடி, 1979-ல் ஈரான் புரட்சியை ஒட்டி இன்னொன்று. ஜனங்கள் டொயோட்டா, ஹோண்டா, டாட்சன் போன்ற சின்ன ஜப்பானிய கார்கள் பக்கம் திரும்பினார்கள். 1980-ல் கார் உற்பத்தியில் ஜப்பான் அமெரிக்காவை முந்தியது. கிரைஸ்லர் திவாலாகும் நிலைக்குப் போய், 150 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்துத்தான் பிழைத்தது.

வேலை போனவர்களின் கோபம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஒரு சம்பவம். 1982 ஜூனில் டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரை, கார் தொழிலோடு தொடர்புடைய இரண்டு பேர் பேஸ்பால் மட்டையால் அடித்தே கொன்றார்கள். உங்களால்தான் எங்களுக்கு வேலை போச்சு என்ற பொருளில் அவர்களில் ஒருவர் கத்தியதாகச் சாட்சி சொல்லப்பட்டது. வின்சென்ட் ஜப்பானியர் கூட இல்லை. சீன வம்சாவளி அமெரிக்கர். கொன்றவர்கள் ஒரு நாள் கூடச் சிறைத்தண்டனை அனுபவிக்கவில்லை. வர்த்தகக் கொள்கை பற்றிப் பேசும்போது நாம் வரைபடத்தில் கோடு போட்டு விளக்குகிறோமே, அந்தக் கோடுகளுக்குப் பின்னால் இப்படியும் ஒரு உயிர் போயிருக்கிறது.

1981-ன் சுவர்

ரீகன் சுதந்திர வர்த்தகம் பேசியே பதவிக்கு வந்தவர். நேரடியாகத் தடை போட்டால் பெயர் கெடும். அதனால் 1981-ல் ஜப்பான் "தானாக முன்வந்து" ஏற்றுமதியைக் குறைத்துக்கொண்டது: ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்கள். மறுத்தால் அமெரிக்க நாடாளுமன்றம் இதைவிடக் கடுமையாகச் சட்டம் போடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலையில் துப்பாக்கி வைத்துக் கேட்டால் யார்தான் முன்வர மாட்டார்கள்? இந்த அளவை 1984-ல் 18.5 லட்சமாகவும் 1985-ல் 23 லட்சமாகவும் உயர்த்தினார்கள். ஏற்பாடு முழுவதுமாக முடிவுக்கு வந்தது 1994-ல்.

நம் காமர்ஸ் மூளைக்கு ஒரு விஷயம். இறக்குமதி வரி போட்டால் விலை ஏறும். ஏறிய பணத்தில் ஒரு பங்கு அரசாங்கக் கஜானாவுக்கு வரும். ஆனால் எண்ணிக்கைக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்தால்? சரக்கு குறைவு, கேட்பவர் அதிகம், விலை ஏறும். அந்தக் கூடுதல் பணம் விற்பவனுக்கே போகும். அதாவது ஜப்பானியக் கம்பெனிகளைத் தடுக்கப் போட்ட சுவர், ஒவ்வொரு காரிலும் அவர்களுக்கு அதிக லாபத்தை அள்ளிக் கொடுத்தது!

இன்னொன்றும் நடந்தது. இத்தனை கார்தான் விற்கலாம் என்றால், மலிவான காரை ஏன் விற்க வேண்டும்? பெரிய, விலை கூடிய கார்களுக்கு மாறினார்கள். 1986-ல் ஹோண்டாவின் அக்யூரா, 1989-ல் டொயோட்டாவின் லெக்ஸஸ், நிசானின் இன்ஃபினிட்டி. சின்ன கார் சந்தையைக் காப்பாற்றப் போய், சொகுசு கார் சந்தைக்கும் போட்டியாளரை வரவழைத்த கதை.

இரண்டாவது முதலாளி

சுவரைத் தாண்ட எளிய வழி, சுவருக்கு உள்ளே வந்துவிடுவது. ஹோண்டா 1982-ல் ஒஹையோவில் கார் தயாரிக்க ஆரம்பித்தது. 1983-ல் நிசான் டென்னசியில் உற்பத்தியைத் தொடங்கியது. டொயோட்டாவுக்குத் தயக்கம்: அமெரிக்கத் தொழிலாளர்களை வைத்துத் தன் முறையில் கார் செய்ய முடியுமா? ஜெனரல் மோட்டார்ஸுக்கு வேறு கேள்வி: சின்ன காரை இவர்கள் எப்படி லாபத்தில் செய்கிறார்கள்? இரண்டு பேரும் கூட்டு சேர்ந்தார்கள். இடம், 1982-ல் மூடிக் கிடந்த நம்ம ஃப்ரீமாண்ட். புதுப் பெயர் நும்மி. 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது.

மூடுவதற்கு முன்னால் அந்த ஆலை கெட்ட பெயர் எடுத்த ஆலை. குடித்துவிட்டு வேலைக்கு வருவது, சொல்லாமல் மட்டம் போடுவது, திடீர் வேலைநிறுத்தம் எல்லாம் சகஜம். நும்மி வேலைக்கு எடுத்ததோ பெரும்பாலும் அதே ஆட்களை, அதே தொழிற்சங்கத்தோடு! அவர்களில் ஒரு பகுதியினரை ஜப்பானில் உள்ள டொயோட்டா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள்.

பழைய ஆலையில் ஒரே சட்டம்: என்ன ஆனாலும் அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது. தப்பாகப் பூட்டிய கார் தப்போடே நகர்ந்து போகும், கடைசியில் யாராவது பிரித்துச் சரி பண்ணுவார்கள். நும்மியில் தலைக்கு மேல் ஒரு கயிறு. தப்பு என்று பட்டால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். உடனே சரியாகாவிட்டால் லைனே நிற்கும். இழுத்தவரைத் திட்டாமல் மேற்பார்வையாளர் ஓடி வந்து உதவுவார். கொஞ்ச காலத்திலேயே ஃப்ரீமாண்ட் காரின் தரம் ஜப்பானில் செய்த காரோடு போட்டி போடும் அளவுக்கு வந்தது.

அப்படியானால் ஜெனரல் மோட்டார்ஸ் பாடம் கற்றுக்கொண்டு பிழைத்திருக்க வேண்டுமே? ஒரு ஆலை கற்றுக்கொண்டது, கம்பெனி கற்றுக்கொள்ளவில்லை. அதே மாநிலத்தில் வான் நைஸ் ஆலையில் இந்த முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். மேலாளர்களும் ஒத்துழைக்கவில்லை, தொழிலாளர்களும் நம்பவில்லை. 1992-ல் அந்த ஆலை மூடப்பட்டது. 2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனு கொடுத்தது. சுவர் எழுப்பி 28 வருஷம் கழித்து! கூட்டாளி விலகியதும் டொயோட்டாவும் நும்மியை விட்டுவிட்டது. 2010 ஏப்ரல் 1-ம் தேதி சுமார் 4,700 பேர் கடைசி ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாவது முதலாளி

அடுத்த மாதமே அந்த ஆலையை வாங்குவதாக அறிவித்தது டெஸ்லா. விலை 4.2 கோடி டாலர், அவ்வளவு பெரிய ஆலைக்கு அது அடிமாட்டு விலை. அதே ஆண்டு அமெரிக்க எரிசக்தித் துறை டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2012-ல் மாடல் எஸ் அங்கிருந்து வெளியே வந்தது. 2013-ல் கடனை முன்கூட்டியே அடைத்தார்கள். ஆக, சீன கார் மானியத்தில் வளர்ந்தது என்று நான் பேசியபோது பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

மீதிப் பாதி சீனாவில். பெட்ரோல் எஞ்சினில் ஜப்பானையும் ஜெர்மனியையும் பிடிக்க முடியாது, மின்சாரத்தில் எல்லோரும் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 2007-ல் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரான வான் காங், ஜெர்மனியில் ஆடி நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். 2009-லிருந்து மானியம் கொட்டியது. 2009 முதல் 2023 வரை எல்லாச் சலுகைகளும் சேர்ந்து சுமார் 23,000 கோடி டாலர் என்பது அமெரிக்க ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.எஸ். போட்ட மதிப்பீடு. அங்கேயும் ஒரு சுவர் இருந்தது. 2015-லிருந்து 2019 வரை, அரசு அங்கீகரித்த பட்டியலில் உள்ள பேட்டரி போட்ட காருக்குத்தான் மானியம். அந்தப் பட்டியலில் கொரியாவின் எல்.ஜி., சாம்சங் இடம் பெறவில்லை. கட்டாத வண்டிக்கும் மானியம் வாங்கிய மோசடி 2016-ல் வெளிவந்து நாறியது.

ஆனால் பிறகு அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். வெளிநாட்டுக் கம்பெனி உள்ளூர்க் கூட்டாளியோடுதான் வர வேண்டும் என்ற விதியை மின்சார கார்களுக்கு 2018-ல் நீக்கினார்கள். 2019-ல் ஷாங்காயில் டெஸ்லா தன் சொந்த ஆலையை ஒரே வருஷத்தில் கட்டி முடித்தது. உள்ளூர் உதிரிபாகக் கம்பெனிகள் டெஸ்லாவின் தரத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. உள்ளூர் கார் கம்பெனிகள் அதோடு மோத வேண்டியதாயிற்று. கார் வாங்குவோருக்கான தேசிய மானியமும் 2022 முடிவோடு நின்றது. 2023 கடைசிக் காலாண்டில் பேட்டரி கார் விற்பனையில் பி.ஒய்.டி. டெஸ்லாவை முந்தியது. 1984-ல் ஃப்ரீமாண்டில் நடந்ததை 2019-ல் சீனா ஒரு நாடு முழுவதும் நடத்திக் காட்டியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் பட்டிமன்றம்

2024-ல் அமெரிக்கா 25 சதவீத வரியை 100 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் கம்பெனிக்குக் கம்பெனி கணக்குப் பார்த்து, வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் பி.ஒய்.டி.க்கு 17, ஜீலிக்கு 18.8, எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3 சதவீதம் போட்டது. ஷாங்காயில் செய்த டெஸ்லாவுக்கும் 7.8! பி.ஒய்.டி. என்ன செய்தது? 1982-ல் ஹோண்டா செய்ததைத்தான். சுவர் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே, 2023 டிசம்பரில் ஹங்கேரியில் ஆலை கட்டுவதாக அறிவித்துவிட்டது.

அமெரிக்காவோ வரியை வைத்துக்கொண்டு, உள்நாட்டில் மின்சார கார் வாங்குவோருக்குக் கொடுத்த 7,500 டாலர் வரிச்சலுகையை 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. போட்டியாளரும் உள்ளே வர முடியாது, உள்ளூர்க்காரனுக்கும் ஓட ஒரு காரணம் இல்லை. நேரம் மட்டும் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்யப் போகிறார்கள்?

எங்கள் வகுப்புத் தோழி கேட்ட அதே கேள்வி!

வரியே கூடாது என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். டெட்ராய்டில் வேலை போனவர்களின் பயம் பொய் இல்லை. ஆனால் இனி யாராவது பாதுகாப்பு வரி வேண்டும் என்றால் இரண்டு கேள்வி கேட்பேன். எத்தனை வருஷத்துக்கு? அதற்குள் யாரிடமிருந்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்? ஃப்ரீமாண்ட் தொழிலாளி அதே கையால், அதே கூரையின் கீழ் நல்ல கார் செய்தான். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன், யாரைத் தடுக்கச் சுவர் எழுப்பினார்களோ அவன்தான்.

பட்டிமன்றத்தில் ஜெயித்தது எங்கள் அணி. ஆனால் மனசாட்சிப்படி, அந்தக் கோப்பை அந்தத் தோழிக்குத்தான் போக வேண்டும். (கோப்பை எதுவும் கொடுக்கவில்லை, ஆளுக்கு ஒரு டீதான் :-))

நீங்கள் எந்த அணி? சொல்லுங்கள், சண்டை போடலாம். அடுத்த பதிவில் சந்திப்போம்.